டைனோசர் பேசக் கூடாது

டைனோசர் வேஷம் போட்டவர் வாய் திறக்கக் கூடாது என்பது அந்தக் கண்காட்சியின் முதல் விதி. இருமக் கூடாது, தும்மக் கூடாது, பிள்ளைகள் கண்ணெதிரே வேஷத்தைக் கழற்றவே கூடாது. உறுமல் சத்தத்துக்குக் கூரையில் ஒலிபெருக்கி இருந்தது. கையை ஆட்டுவதும் தலையை அசைப்பதும் படத்துக்கு நிற்பதும்தான் வேஷக்காரரின் வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு இந்த விதிகளை எடுத்துச் சொல்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே சொல்லி வந்தேன், அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

தெப்ராவில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் பள்ளி விடுமுறைக்காகப் போட்ட கண்காட்சி அது. ரப்பர் தோல் போர்த்திய இயந்திர டைனோசர்கள், பிளாஸ்டிக் மரங்கள், தரையில் புகை விடும் ஒரு குழாய். வளைந்து வளைந்து நடந்தால் கடைசியில் ஓர் இருட்டு அறை வரும். அதன் வாசலில் மலாயிலும் ஆங்கிலத்திலும் 'இவை ஏன் அழிந்தன?' என்று எழுதியிருக்கும். அந்த அறைதான் என் இடம். வருகிறவர்களுக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும், தமிழ்க் குடும்பம் வந்தால் தமிழிலும், காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்லத் தெரியாதவள் என்று வீட்டில் பெயர் வாங்கியவளுக்குப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தது போல ஒரு வேலை.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பத்து பாகாட் என்ற ஊரில் எட்டு வருடம் குடும்பம் நடத்தினேன். என் கணவர் துணி ஆலையில் மேற்பார்வையாளர். ஒழுக்கமான ஆள். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், வேலை விட்டால் வீடு. அவருக்குத் தூசு ஆகாது. அதனால் அந்த வீட்டில் ஜன்னல் திறக்கக் கூடாது. கூடத்து ஜன்னல், சமையலறை ஜன்னல், படுக்கையறை ஜன்னல், எதுவும் திறக்கக் கூடாது. நான் திறந்தால் திட்ட மாட்டார். ஒன்றும் பேசாமல் எழுந்து வந்து மூடிவிட்டுப் போய் உட்காருவார். விருந்துக்குப் போன இடத்தில் யாராவது என்னிடம் காப்பி வேண்டுமா என்று கேட்டால், "அவ காப்பி குடிக்க மாட்டா" என்று அவரே பதில் சொல்லிவிடுவார். நான் காப்பிப் பைத்தியம். முதல் வருடம் சிரித்தேன், அடுத்த வருடம் சண்டை போட்டேன், அதற்கப்புறம் எனக்கே காப்பி பிடிக்குமா பிடிக்காதா என்று குழப்பமாகிவிட்டது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன சொல்வது? ஜன்னலைத் திறக்க விடவில்லை, அதனால் விவாகரத்து வேண்டும் என்றால் ஊர் சிரிக்காதா? ஒரு நாள் ஒரே ஒரு பையோடு மாசாயில் அப்பா வீட்டுக்கு வந்து நின்றேன். அப்பா பாசிர் கூடாங் பக்கம் ஒரு சாயத் தொழிற்சாலையில் முப்பது வருடம் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். கூடத்தில் நின்றபடியே விசாரணையை ஆரம்பித்தார்.

"அடிச்சானா?"

"இல்லப்பா."

"குடிக்கிறானா?"

"இல்ல."

"வேற பொம்பள தொடர்பு ஏதும்?"

"இல்லப்பா."

"அப்ப என்னதான் காரணம்? சொல்லித் தொலையேன்."

"முடியலப்பா."

"முடியலயா? முடியலங்கறது ஒரு காரணமா? எனக்குந்தான் முடியல, முப்பது வருசம் வண்டி ஓட்டல?"

அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றோடு என்னுடன் பேச்சை நிறுத்தினார். சில நாள் பார்த்துவிட்டு, தெப்ராவில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். விவாகரத்தும் முடிந்தது. மூன்று வருடமாகப் பேச்சில்லை. எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது, மறைப்பானேன். அவர் குரலைக் கேட்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இரண்டும் சேர்ந்து என்னைப் பாடாய்ப் படுத்தின.

இந்த நிலைமையில்தான் டைனோசர் வேலை கிடைத்தது. கொடுத்த குறிப்புகளோடு நிறுத்தாமல் நானாகவும் தேடிப் படித்தேன். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், இன்றைய மெக்சிகோவின் கரையோரத்தில், மலை அளவு விண்கல் ஒன்று வந்து விழுந்தது. அந்தக் காலத்து மண் படிவத்தில் உலகம் முழுக்க மெல்லிய களிமண் அடுக்கு ஒன்று கிடைக்கிறது. பூமியின் மேற்பரப்பில் அரிதாகவும் விண்கற்களில் தாராளமாகவும் இருக்கும் இரிடியம் என்ற உலோகம் அதில் அதிகம். அதை வைத்துத்தான் முதலில் கல்லைச் சந்தேகப்பட்டார்கள். அது விழுந்த பள்ளத்தை அடையாளம் கண்டது பிறகு. கல் விழுந்து நசுங்கிச் செத்தவை கொஞ்சம்தான். எழும்பிய தூசும் கரியும் கந்தகமும் சூரியனை மறைத்தன. வெளிச்சம் இல்லாமல் செடிகள் செத்தன, செடி தின்றவை செத்தன, அவற்றைத் தின்றவையும் செத்தன. சின்ன உடம்பும் ஒண்டிக்கொள்ள ஒரு பொந்தும் இருந்த சில பிராணிகள் தப்பின. சில பறவைகளும் தப்பின. கோழியும் டைனோசர் வம்சம்தான் என்று நான் சொன்னபோது ஒரு பெரியவர், "அப்ப நேத்து எங்க வீட்டுல டைனோசர் பெரட்டல்" என்றார்.

ஆனால் கல் கட்சிக்கு ஓர் எதிர்க்கட்சி உண்டு. இந்தியாவின் தக்காணத்தில் பூமி வெடித்து எரிமலைக் குழம்பு லட்சக்கணக்கான ஆண்டுகள் வழிந்திருக்கிறது. கல் விழுவதற்கு முன்பே அது தொடங்கிவிட்டது, விழுந்த பிறகும் நிற்கவில்லை. அதன் வாயுக்கள் பருவத்தையே கெடுத்திருக்கும் என்கிறார்கள். கடல் பின்வாங்கியதையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. இன்றைக்குப் பெரும்பாலோர் முக்கியக் குற்றவாளி கல்தான் என்கிறார்கள். எரிமலைக்கு அதில் எவ்வளவு பங்கு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அந்தச் சண்டையைப் படிக்கப் படிக்க எனக்கு ஆறுதலாக இருந்தது. அவ்வளவு பெரிய சாவுக்கே ஒரே ஒரு காரணத்தைச் சொல்லி முடிக்க முடியவில்லை. நான் ஒருத்தி கூடத்தில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வேன்?

அம்மா மட்டும் அப்பா குளிக்கப் போகிற நேரம் பார்த்து எனக்குப் போன் செய்வார். இந்த வேலையைப் பற்றிக் கேட்டதும் அவருக்கு ஒரு யோசனை உதித்தது.

"ஞாயித்துக்கிழம அப்பாவ அங்க கூட்டிட்டு வர்றேன்மா. ஏர்கோன்ல கொஞ்சம் சுத்திட்டு வரலாம்னு சொல்லிருக்கேன். நீ இருக்கறது அவருக்குத் தெரியாது. நீ அவரப் பாத்துப் பேசாத, உன் வேலையப் பாரு. தமிழ்ல நல்லா வெளக்கம் சொல்லு. உன் கொரலு காதுல விழுந்தா போதும், மனுசன் எளகிருவாரு."

"எளகலன்னா?"

"எளகலன்னா என்ன, டைனோசரப் பாத்த மாதிரி ஆச்சு."

அந்த வாரம் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். கல்லைப் பற்றி எவ்வளவு, எரிமலையைப் பற்றி எவ்வளவு, எந்த இடத்தில் குரலை இறக்குவது என்றெல்லாம் தயார் செய்தேன். டைனோசரைப் பற்றித்தான் பேசுவேன், ஆனால் அவருக்குப் புரியும் என்று நம்பினேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, வேஷம் போடும் பையன் காய்ச்சல் என்று வரவில்லை. கண்காட்சி மேற்பார்வையாளர் என்னைவிட வயதில் சிறிய மலாய்க்காரர், என்னைக் 'கக்' என்று, அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவார். அன்று கையைக் கூப்பாத குறை. "கக், தோலோங் லா" என்று உதவி கேட்டுக் கெஞ்சினார். அந்த வேஷத்துக்கு உயரமான ஆள் வேண்டும், அங்கே இருந்தவர்களில் நான்தான் உயரம். அது அப்பா கொடுத்த உயரம். இன்றைக்கு என் குடும்பம் வருகிறது, முடியாது என்றேன். நல்லதாகப் போயிற்று, சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். நாள் கூலி வேலையில் அதற்கு மேல் மறுத்தால் நாளைக்கு வரவேண்டாம் என்பார்கள். போட்டுக்கொண்டேன்.

அது காற்றடைத்த வேஷம். இடுப்பில் ஒரு சின்ன மின்விசிறி சுழன்று உடம்பைச் சுற்றிப் பலூன் போல ஊதிவிடும். முகத்துக்கு அந்தக் காற்று வராது. டைனோசரின் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஜன்னல், அதுதான் பார்க்கும் வழி. அதைத் திறக்கவும் முடியாது. மறுபடியும் மூடின ஜன்னலா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஜிப் முதுகில் இருந்தது. இன்னொருவர் போட்டுவிட வேண்டும், இன்னொருவர்தான் திறந்துவிட வேண்டும். வேக்காடு தாங்காமல் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, ஷூவைக் கழற்றிச் சிலிப்பர் போட்டுக்கொண்டேன். வேஷத்தின் கால் பக்கத்து இழுவைப் பட்டி வலது கெண்டைக்காலில் இருந்த பழைய சூட்டுத் தழும்பை அழுத்திக்கொண்டே இருந்தது.

அந்தத் தழும்பு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது வந்தது. அப்பா கப்சாய் மோட்டார்சைக்கிளில் என்னைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவார். ஒருநாள் அவசரப்பட்டு வலது பக்கமாக இறங்கி, கொதிக்கிற புகைக்குழாயில் காலை வைத்துவிட்டேன். அப்பா ஓடிப்போய்ப் பற்பசையைக் கொண்டுவந்து அப்பினார். அப்புறம் திரும்பி, "சனியனே, சனியனே" என்று மோட்டாரைத் திட்டி ஓர் உதை விட்டார். அன்றைக்கு இரண்டு பேரும் நொண்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் போனோம்.

என்னை என் அறை வாசலிலேயே நிறுத்தினார்கள். உள்ளே என் இடத்தில் ஒரு சீனக் கல்லூரிப் பெண். பாவம், அவளுக்கு அரை மணி நேரத்தில் இரண்டு வரி மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவர்கள் வந்தார்கள். பிளாஸ்டிக் ஜன்னல் வழியாக முதலில் அப்பாவின் பூப்போட்ட பாத்தேக் சட்டையைப் பார்த்தேன். தலைமுடி நன்றாக வெளுத்திருந்தது. அம்மா எல்லாப் பக்கமும் என்னைத் தேடினார். என் இடத்தில் வேறு பெண் நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது. பையிலிருந்து போனை எடுத்து, என் எதிரிலேயே நின்று எனக்கு அழைத்தார். என் போன் ஊழியர் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. 'அம்மா, நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று மனசுக்குள் கத்தினேன். வெளியே கையை ஆட்டினேன். அம்மா என்னைப் பார்த்து எரிச்சலாக ஒதுங்கிக்கொண்டார்.

சீனப் பெண் மலாயில் சொன்னாள். கல் விழுந்தது, எல்லாம் செத்தன.

"இத்து சஜா?" என்றார் அப்பா. அவ்வளவுதானா?

அவள் சிரித்துவிட்டுச் சுவரைக் காட்டினாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகைகளைப் படிக்கத் தொடங்கினார். அவர் எதையும் சத்தமாகத்தான் படிப்பார், மருந்துச் சீட்டானாலும் சரி.

"தாஹி பிந்தாங். இங்க பாரு, தாஹி பிந்தாங்னு எழுதிருக்கான்."

எரிகல்லுக்கு மலாயில் பேச்சு வழக்குப் பெயர் அது. ஆனால் அப்பா சொல்லைப் பிரித்துத்தான் மொழிபெயர்ப்பார்.

"பிந்தாங்னா நட்சத்திரம். தாஹின்னா..."

"ஐயோ, என்னங்க, பொது எடத்துல!"

"அவன் எழுதிருக்கான், நான் படிக்கிறேன். நட்சத்திரம் வெளிக்குப் போயி ஒலகமே அழிஞ்சிருச்சாம். நம்பற மாதிரியா இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வெடித்தது. உதட்டைக் கடித்து அடக்கினேன், டைனோசர் முழுக்கக் குலுங்கியது. பக்கத்தில் நின்ற ஒரு குழந்தை சந்தோஷத்தில் கத்தியது. மூன்று வருடத்துக்குப் பிறகு அப்பாவின் குரலைக் கேட்கிறேன், அவர் சொன்னது இதுதான்.

அப்பா அடுத்த பலகைக்குப் போனார்.

"இந்தியாவுல எரிமலையாம். அலமாக், அப்ப நம்ம ஆளுங்க வேலயா இது?" என்றவர் மெதுவாக மேலே படித்தார். பிறகு குரல் மாறியது. "இங்க வந்து பாரு. கல்லு விழறதுக்கு முன்னாடியே இது பொகைய ஆரம்பிச்சிருச்சாம். லட்சக்கணக்கான வருசமாம். நமக்கு ரெண்டு வாரம் ஜெரெபு பொகை வந்தாலே ஸ்கூல மூடறான், மாஸ்க்கு போடுங்கறான். அதுங்க என்னா பண்ணிருக்கும்? கல்லு விழறப்பவே பாதி உசுருதான் இருந்திருக்கும்."

கல் கட்சிக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பொந்துக்குள்ளிருந்து கேட்ட நான் ஒத்துக்கொண்டேன்.

திட்டம் பாழான கோபத்தில் இருந்த அம்மா, "எப்படிச் செத்தா என்ன? செத்தது செத்துப் போச்சு, வாங்க போலாம்" என்றார்.

"காரணம் தெரிய வேணாமா?"

அம்மா அப்பாவிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்று உயர்த்தினார்.

"இப்ப மட்டும் பொகையெல்லாம் காரணமாயிருச்சா? அன்னிக்கு உங்க மக வந்து நின்னப்ப என்ன கேட்டீங்க? அடிச்சானா, குடிச்சானா. கல்லு எங்கன்னுதான கேட்டீங்க. முடியலன்னு சொன்னா. அது காரணமான்னு கேட்டீங்க."

"அது வேற, இது வேற."

"என்னா வேற? அந்த வீட்டுக்கு நான் போயிருக்கேன். ஒரு ஜன்னலு தொறந்திருக்காது. வேக்காடு தாங்காம நானே ஒண்ணத் தொறந்தேன். மாப்பிள்ள வந்து ஒரு வார்த்த பேசாம மூடிட்டுப் போனாரு. அவ என் மூஞ்சியக்கூடப் பாக்கல, தலயக் குனிஞ்சுகிட்டா. எனக்கு அன்னிக்கே மூச்சு முட்டிருச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஜன்னல் என் ஒருத்திக்கு மட்டும் தெரிந்த சங்கதி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"இத ஏன் நீ எங்கிட்ட சொல்லல?" அப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

"நீங்க கேக்கலயே."

நான் அழுதேன். உள்ளே கண்ணைத் துடைக்க முடியாது. கைகள் டைனோசரின் குட்டிக் கைகளுக்குள் மாட்டியிருந்தன. என் மூச்சுப் பட்டுப் பிளாஸ்டிக் ஜன்னல் முழுக்க ஆவி படர்ந்து, அப்பாவும் அம்மாவும் இரண்டு நிறங்களாக மங்கிப் போனார்கள். அந்த நேரம் பார்த்து இடுப்பில் இருந்த விசிறி முனகியது. மின்கலம் தீர்ந்துகொண்டிருந்தது. டைனோசரின் தலை மெல்லச் சரிந்து முன்னால் தொங்கியது. "மா, டியா நாக் மாத்தி!" என்று அந்தக் குழந்தை கூவியது. சாகப் போகிறதாம்.

நைலான் துணி முகத்தில் வந்து ஒட்டியது. கத்தினால் திறந்துவிடுவார்கள். ஆனால் கத்தினால் நான் யாரென்று தெரிந்துவிடும். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால்? பிளாஸ்டிக் மரங்களுக்கு நடுவே, இத்தனை பேர் பார்க்க, வியர்வையும் மூக்குச்சளியுமாக, பேச்சில்லாத அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதைவிட மூச்சு முட்டுவதே மேல் என்று நினைத்தேன். பத்து பாகாட்டிலும் எட்டு வருடம் இதே கணக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ அம்மா, "சரி, வந்ததுக்கு இதோட ஒரு படம் எடுத்துக்கிட்டுப் போவோம், நில்லுங்க" என்றார். அப்பா வந்து என் பக்கத்தில் நின்றார். ஆவிக்கு அடியில் கொஞ்சம் தெளிவாக இருந்த ஓரத்தில் அவருடைய செருப்புத் தெரிந்தது. நிற்க இடம் பார்க்கக் கீழே குனிந்தவர், குனிந்தபடியே இருந்தார். இழுவைப் பட்டி மேலேறி, என் வலது கெண்டைக்கால் தழும்போடு வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

"இங்க பாருங்க, சிரிங்க" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை. நிமிர்ந்தார். அவருடைய பாத்தேக் சட்டை என் ஜன்னலை அடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தது. தொடக் கூடாது என்று சீனப் பெண் மலாயில் சொல்வது கேட்டது. அப்பா வாயைப் பிளாஸ்டிக்குக்குக் கிட்டே கொண்டுவந்து, மூன்று வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"உள்ள மூச்சு விட முடியுதா?"

டைனோசர் பேசக் கூடாது.

"முடியலப்பா" என்றேன்.

அதே வார்த்தைதான், வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை. அவர் என்ன கேட்பாரோ என்று காத்திருந்தேன்.

"ஜிப்பு பின்னாலதான இருக்கு?" என்றார் அப்பா. "திரும்பு."

திரும்பினேன். மேற்பார்வையாளர் ஓடிவருகிற சத்தம் கேட்டது, பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. அப்பா அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார், "சனியனே, சனியனே" என்று திட்டிக்கொண்டே.